இரண்டு கருவிகளுக்கு ஒரு சோடி இயர்பட்ஸ்: அம்மாவின் அழைப்பு காதுக்கு வராதது ஏன்?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருந்துகொண்டு அலுவலக வேலையை மடிக்கணினியில் செய்கிறீர்கள். கைத்தொலைபேசி மேசையில் பக்கத்திலேயே இருக்கிறது. மகனின் டெப் மூன்றாவது கருவி. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளுடன் இணையும் என்று கடையில் சொன்னதை நம்பி 12,000 ரூபாய் கொடுத்து இயர்பட்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் போன கிழமை அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா நான்கு தடவை அழைத்தும் ஒன்றுமே காதில் விழவில்லை. கூட்டம் முடிந்து தொலைபேசியைக் கையில் எடுத்த பிறகுதான் கண்டீர்கள். இடையிடையே ஒலி அறுந்து அறுந்து வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் மூன்று கருவிகளையும் ஒன்றாக இணைக்கும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்ட வரையில் உங்களுக்கு வேண்டியது மூன்றாவது இணைப்பு அல்ல. வாங்கிய பொருள் பழுதா, இல்லை இந்த வகைப் பொருள்களின் இயல்பே இதுதானா என்பதும், இனி அம்மா அழைத்தால் அது தவறாமல் காதுக்கு வர என்ன செய்யலாம் என்பதும்தான் கேள்வி. அந்த இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லி, மூன்றாவது கருவிக்குப் பிறகு வருகிறேன்.

நான் 17 வருடங்களாகக் கொழும்பில் கைத்தொலைபேசியும் கணினியும் திருத்தும் வேலை செய்கிறேன். பழுது என்று என் மேசைக்கு வரும் இயர்பட்ஸில் பெரும்பாலானவற்றில் பற்றரி தேய்ந்திருக்கும், அல்லது வலைக்கண்ணில் அழுக்கு அடைத்திருக்கும். 'இரண்டோடு இணையுதில்லை' என்ற முறைப்பாட்டோடு வருபவற்றைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் ஏற்படுவதில்லை. அமைப்புகளை மாற்றியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உங்களுடையதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அதுவும் அப்படித்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பழுது இல்லாமலும் வரக்கூடியவை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

இணைத்தல் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு விடயங்களைக் குறிக்கிறோம். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. முதலாவது அறிமுகம், அதாவது 'பெயார்' செய்வது. அப்போது இயர்பட்ஸும் தொலைபேசியும் ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கி, இரண்டும் அதைத் தத்தம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஒரு சோடி இயர்பட்ஸ் இப்படிப் பல கருவிகளை நினைவில் வைத்திருக்கும். இரண்டாவது தொடர்பு, அதாவது அறிமுகமான கருவிகளில் எது இந்த நிமிடத்தில் இயர்பட்ஸுடன் உயிருள்ள இணைப்பில் இருக்கிறது என்பது. சாதாரண ரகங்களில் இது ஒன்றே ஒன்றுதான். மல்டிபொயின்ட் என்ற வசதி உள்ளவற்றில் இரண்டு. மூன்றாவது ஒலி, அதாவது அந்த இரண்டில் எதன் சத்தம் இப்போது காதில் விழுகிறது என்பது. மல்டிபொயின்ட் உள்ள இயர்பட்ஸிலும் வழக்கமாக இது ஒன்றேதான். வீட்டு விலாசம் தெரிந்தவர்கள் எட்டுப் பேர் இருக்கலாம், வந்து விறாந்தையில் அமர்ந்திருப்பவர்கள் இருவர், ஆனால் ஒரு நேரத்தில் கதைப்பவர் ஒருவர். மடிக்கணினியில் ஓடும் பாட்டும் தொலைபேசியில் ஓடும் காணொளியும் ஒன்றாகக் கலந்து காதில் விழும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் இதை வாங்குகிறார்கள். மல்டிபொயின்ட் அதற்காக ஆக்கப்பட்டதல்ல.

ஒலி ஏன் ஒன்று மட்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இயர்பட்ஸ் பயன்படுத்தும் வழக்கமான புளூடூத், நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பங்கிட்டு வேலை செய்கிறது. ஒரு துண்டு ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 625 பங்கு. விநாடிக்கு 1600 துண்டுகள். ஒவ்வொரு இணைப்புக்கும் இந்தத் துண்டுகளில் தாளம் போடுவது தொலைபேசி அல்லது கணினி. இயர்பட்ஸ் அந்தத் தாளத்துக்கு இசைந்துபோக வேண்டும். இரண்டு கருவிகளுடன் இணைந்திருக்கும் இயர்பட்ஸ், ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு தாளங்களைக் கவனித்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையில் தாவிக்கொண்டே இருக்கிறது. அத்துடன் வலது காதும் இடது காதும் ஒரே கணத்தில் ஒலிக்கும்படி தங்களுக்குள்ளும் ஒத்துப்போக வேண்டும். சின்னப் பற்றரியோடு, விரல் நுனி அளவு இடத்துக்குள் இத்தனையும் நடக்கிறது. ஒயரில்லாத தனித்தனி இயர்பட்ஸுக்கு மல்டிபொயின்ட் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தலையில் அணியும் ஹெட்போன்களில் அது சாதாரணமாகிவிட்ட பிறகும், பெயர் பெற்ற நிறுவனங்களே இயர்பட்ஸை அது இல்லாமல் விற்றன. சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4 வெளிவந்தது 2021இல். அதற்கு மல்டிபொயின்ட் கிடைத்தது 2023இல் வந்த மென்பொருள் மேம்படுத்தலில்தான்.

இனி அம்மாவின் அழைப்புக்கு வருகிறேன். புளூடூத்தில் ஒலி இரண்டு வேறு பாதைகளில் வரும். ஒன்று பாட்டுக்கும் காணொளிக்குமான பாதை: தரமான, இரண்டு காதுக்கும் வெவ்வேறாகப் பிரிந்த ஒலி, ஆனால் கருவியிலிருந்து காதுக்கு மட்டுமே போகும் ஒருவழிப் பாதை. மற்றது கதைப்பதற்கான பாதை: இரு திசையிலும் குரல் போய்வரும், ஆனால் ஒலியின் தரம் குறைவு. பழைய முறையில் குரல் விநாடிக்கு 8000 மாதிரிகளாகவும் (ஒலியை அளந்தெடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி), மேம்பட்ட முறையில் 16,000 மாதிரிகளாகவும் அனுப்பப்படுகிறது. பாட்டுக்கு வழக்கமாக 44,100. கூட்டம் தொடங்கியதும் எல்லோருடைய குரலும் திடீரென்று தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம், இயர்பட்ஸின் மைக்கைக் கணினி திறந்தவுடன் முழு ஒலியும் முதற்பாதையை விட்டு இரண்டாம் பாதைக்கு மாறிவிடுவதுதான். அது பழுதல்ல.

இப்போது கூட்டத்தில் இருந்த உங்களுடைய நிலைமையைப் பாருங்கள். மடிக்கணினி உங்கள் இயர்பட்ஸின் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதைக்கும் பாதையில் இருக்கிறது. இயர்பட்ஸின் கண்ணுக்கு நீங்கள் ஏற்கனவே ஓர் அழைப்பில் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் தொலைபேசியில் இன்னோர் அழைப்பு வருகிறது. இரண்டு இணைப்பு உள்ள பொருள் அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வழக்கம் மாறுகிறது. சிலது மெல்லியதொரு 'டிங்' ஒலி எழுப்பும்; சிலது பொத்தானை அழுத்தினால் இங்கிருந்து அங்கே தாவும்; பல மலிவு ரகங்கள் எதையும் காட்டிக்கொள்ளாமல் முதல் அழைப்பிலேயே நிற்கும். உங்களுடையது இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது என்று ஊகிக்கிறேன், இது ஊகம்தான்.

உறுதியான பக்கம் ஒன்றும் உண்டு. கணினியிலிருந்து பாட்டுப் பாதையில் மட்டும் ஒலி வந்துகொண்டிருக்கும்போது தொலைபேசியில் சாதாரண அழைப்பு வந்தால், மல்டிபொயின்ட் உள்ள இயர்பட்ஸ் அழைப்புக்கே முன்னுரிமை கொடுக்கும். பாட்டு நிற்கும், மணி காதில் கேட்கும். இந்த வசதி பிறந்ததே அதற்காகத்தான். ஆகவே கூட்டத்தையும் இயர்பட்ஸுக்குப் பாட்டுப் போலவே காட்டிவிட்டால் உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வழி இலகுவானது: கேட்பதற்கு இயர்பட்ஸைப் பாவியுங்கள், கதைப்பதற்கு மடிக்கணினியிலேயே இருக்கும் மைக்கைப் பாவியுங்கள். சூம் ஆனாலும் டீம்ஸ் ஆனாலும் ஒலி அமைப்புகளுக்குள் போனால் 'ஸ்பீக்கர்', 'மைக்ரோபோன்' என்று இரண்டு தெரிவுகள் தனித்தனியே இருக்கும். ஸ்பீக்கரில் இயர்பட்ஸின் பெயரும், மைக்ரோபோனில் மடிக்கணினியின் உள்ளக மைக்கும் இருக்க வேண்டும். 'சிஸ்டம் டிஃபோல்ட்' என்று விட்டுவைத்தால் கணினி தானாகவே இயர்பட்ஸின் மைக்கை எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் பெயரைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். உங்கள் கணினி விண்டோஸ் 10 என்றால் ஒரே இயர்பட்ஸ் இரண்டு பெயர்களில் தோன்றும்; 'ஸ்டீரியோ' என்று முடிவதை எடுங்கள், 'ஹேன்ட்ஸ்ஃப்ரீ' என்று இருப்பதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 11இல் இரண்டும் ஒரே பெயரில் சேர்க்கப்பட்டிருப்பதால், மைக்கை மாற்றுவதொன்றே போதும்.

சரியாகச் செய்தீர்களா என்பதைக் காதே சொல்லிவிடும். கூட்டத்தில் சேர்ந்த பிறகும் குரல்கள் தகர டப்பா ஒலிக்கு மாறாமல் தெளிவாக இருந்தால், இயர்பட்ஸின் மைக் மூடியிருக்கிறது என்று அர்த்தம். மாறிவிட்டால் ஏதோ ஒரு செயலி இன்னும் அதைப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அது காலையில் நடந்த வேறொரு கூட்டத்துக்காகத் திறந்து மூடாமல் விட்ட உலாவிப் பக்கமாக இருக்கும். ஒரு தடவை அரை மணி நேரம் அமைப்புகளையெல்லாம் கிண்டிவிட்டு, கடைசியில் அப்படி ஒரு பக்கத்தை மூடியதும் ஒலி தெளிந்ததை நானே கண்டிருக்கிறேன்.

இந்த வழியில் இரண்டு சங்கடங்கள் உண்டு. மடிக்கணினியின் மைக் உங்களிடமிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் இருப்பதால் மின்விசிறிச் சத்தம், காலி வீதியின் பஸ் ஹோர்ன், பக்கத்து அறையில் மகனின் விளையாட்டு எல்லாம் அதில் ஏறும். இரண்டாவது சங்கடம் இதைவிடப் பெரியது. அம்மாவின் அழைப்பை எடுத்ததும் கூட்டத்தின் ஒலி உங்கள் காதிலிருந்து போய்விடும்; ஆனால் கூட்டம் நின்றுவிடாது, மடிக்கணினியின் மைக் உங்கள் குரலைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். நான் இப்படி அமைத்துக் கொடுத்த ஆசிரியை ஒருவர், பிள்ளைகளுக்கு இணையவழிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தங்கையின் அழைப்பை எடுத்து, குடும்பக் காணித் தகராறு ஒன்றைப் பத்து நிமிடம் கதைத்திருக்கிறார். முழு வகுப்பும் கேட்டிருக்கிறது. அவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது, முதலிலேயே எச்சரிக்காமல் விட்டது என் பிழை என்று மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து இந்த மாற்றத்தைச் செய்துகொடுக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: அழைப்பை எடுக்கும் முன் கூட்டத்தில் மைக்கை மூடுங்கள். விரல் முதலில் கணினிக்குப் போகட்டும், பிறகு காதுக்கு.

அம்மா சாதாரண அழைப்பில் வருகிறாரா வாட்ஸ்அப்பில் வருகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதில் வித்தியாசம் இருக்கிறது. சாதாரண அழைப்பு வரும்போது 'மணி அடிக்கிறது' என்ற செய்தி தொலைபேசியிலிருந்து இயர்பட்ஸுக்குத் தனிக் குறிப்பாகவே போகும். அதை வைத்துத்தான் இயர்பட்ஸ் முன்னுரிமையைத் தீர்மானிக்கிறது. வாட்ஸ்அப், வைபர் போன்ற செயலி அழைப்புகளில் அந்தக் குறிப்பு எல்லாத் தொலைபேசிகளிலும் அதே மாதிரிப் போவதில்லை; சிலவற்றில் மணி ஒலி வெறும் ஊடக ஒலியாகவே வரும், அப்போது கணினியின் ஒலி அதை மறைத்துவிடலாம். அவசரத்துக்கு அம்மாவைச் சாதாரண அழைப்பிலேயே எடுக்கச் சொல்லுங்கள். தொலைபேசி முழு மௌனத்தில் இருந்தது என்பதும் காரணமாக இருந்திருக்கலாம். சில தொலைபேசிகள் மௌன நிலையில் இயர்பட்ஸுக்கும் மணியை அனுப்பாமல் விடுகின்றன. மௌனத்தில் போடாமல், மணிச் சத்தத்தை ஒன்று அல்லது இரண்டு படிகளுக்குக் குறைத்து வையுங்கள்.

இதற்கு நேரெதிரான தொல்லையும் சில நாட்களில் உங்களுக்கு வரும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். சில இயர்பட்ஸ், தொலைபேசியிலிருந்து எந்தச் சின்ன ஒலி வந்தாலும் கணினியை விட்டுவிட்டு அங்கே தாவும். வாட்ஸ்அப் செய்தியின் 'டிங்', தட்டச்சு செய்யும்போது எழுத்துக்கு எழுத்து வரும் 'டிக்' ஒலி, இவை ஒவ்வொன்றுக்கும் கூட்டம் இரண்டு விநாடி அறுந்துபோகும். ஒலி அறுந்து அறுந்து வருகிறது என்று நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி இதுவாகவும் இருக்கலாம். அன்ட்ரொய்ட் தொலைபேசி என்றால் அழகான தீர்வு ஒன்று இருக்கிறது. புளூடூத் பட்டியலில் இயர்பட்ஸின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொட்டால், அழைப்புகளுக்கு ஒன்றும் ஊடக ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு ஆளிகள் தனித்தனியே தெரியும். ஊடக ஒலியை அணைத்து, அழைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் பிறகு தொலைபேசி அழைப்புக்கு மட்டுமே காதுக்கு வரும். செய்தி மணிகள் வராது. ஒரு விலை கொடுக்க வேண்டும்: வாட்ஸ்அப் அழைப்பின் மணியும் காதில் ஒலிக்காமல் போகலாம், தொலைபேசியிலிருந்தே பாட்டுக் கேட்க விரும்பும் நேரத்தில் அந்த ஆளியைத் திரும்பப் போட வேண்டும். ஐபோனில் இப்படிப் பிரிக்கும் ஆளி கிடையாது. அங்கே தட்டச்சு ஒலியையும் அறிவிப்பு ஒலிகளையும் அணைத்துவைப்பதோடு நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவும் வேலை செய்ய, இரண்டு கருவிகளும் உண்மையிலேயே ஒரே நேரத்தில் தொடர்பில் இருக்க வேண்டும். இங்கேதான் பத்தில் எட்டுப் பேர் தடுக்கி விழுகிறார்கள் என்பது என் மேசை அனுபவம். தொலைபேசியுடன் பெயார் செய்கிறார்கள், அது சரிவரும். பிறகு சார்ஜ் பெட்டியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, விளக்கு மின்னத் தொடங்கியதும் மடிக்கணினியுடன் பெயார் செய்கிறார்கள், அதுவும் சரிவரும். ஆனால் விளக்கு மின்னத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே தொலைபேசியின் தொடர்பு அறுந்திருக்கும். பல ரகங்களில் அது தானாகத் திரும்பி வராது. மூன்றாவதாக ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: மடிக்கணினி இணைந்த பிறகு, தொலைபேசியின் புளூடூத் பட்டியலுக்குப் போய் இயர்பட்ஸின் பெயரை ஒரு தடவை தொட வேண்டும். அப்போது இரண்டு திரைகளிலும் 'கனெக்டட்' என்று ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். ஒரு தடவை இப்படிச் செய்துவிட்டால் பெரும்பாலானவை அடுத்த நாள் பெட்டியைத் திறந்ததும் கடைசியாகத் தொடர்பில் இருந்த இரண்டையும் தாமாகவே தேடிப் பிடிக்கும். அத்துடன், பல நிறுவனங்கள் மல்டிபொயின்ட்டை அணைத்த நிலையிலேயே பெட்டியில் போட்டு விற்கின்றன. நிறுவனத்தின் சொந்தச் செயலியைத் தொலைபேசியில் இறக்கி, அதற்குள் இரண்டு கருவிகளுடன் இணையும் ஆளியைப் போட வேண்டும். உங்களுடையதற்குச் செயலி இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

மகனின் டெப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மல்டிபொயின்ட் என்றால் சாதாரணமாக இரண்டுதான். மூன்றை ஒரே நேரத்தில் பிடிக்கும் இயர்பட்ஸும் இருக்கிறது: டெக்னிக்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஈஏஎச்-ஏஇஸட்80 அப்படிப்பட்டது, ஆனால் அது உங்கள் இயர்பட்ஸின் விலையைவிடப் பல மடங்கு. டெப்பை அறிமுகமான நிலையில் மட்டும் வைத்திருங்கள். தேவைப்படும் நேரத்தில் மடிக்கணினியில் 'டிஸ்கனெக்ட்' கொடுத்துவிட்டு டெப்பில் பெயரைத் தொடலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பின்னேரம் மகன் டெப்பை எடுத்து அதன் புளூடூத் திறந்திருந்தால், பெட்டியைத் திறந்ததும் இரண்டு இருக்கைகளில் ஒன்றை அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். தொலைபேசி வெளியே நிற்கும். அம்மாவின் அழைப்பு தவறுவதற்கு அதுவும் ஒரு வழி. எல்லாம் குழம்பிப்போனால் இயர்பட்ஸைத் தொழிற்சாலை நிலைக்கு மீளமைத்து முதலிலிருந்து தொடங்குங்கள். அப்போது மூன்று கருவிகளின் பட்டியலிலிருந்தும் பழைய பெயரை அழித்துவிட வேண்டும். இயர்பட்ஸ் திறவுகோலை மறந்துவிட்ட பிறகு பழைய பெயரைத் தொட்டால் அது எத்தனை தடவை தொட்டாலும் இணையாது. மக்கள் அதைப் பழுது என்று நினைத்து பஸ் ஏறி என்னிடம் வருகிறார்கள்.

ஒலி அறுவதன் இன்னொரு காரணம் உங்கள் தொடர்மாடியே. புளூடூத் 2402 முதல் 2480 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பரப்பில் 79 தடங்களுக்கு இடையே தாவித் தாவி வேலை செய்கிறது. வீட்டு ரவுட்டரின் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையும் இதே பரப்பில்தான் இருக்கிறது. ஒரு ரவுட்டரே ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸை எடுத்துக்கொள்ளும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் ஆறாம் மாடியில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் திரை நிறைந்து கீழேயும் வழியும். நெரிசலான தடங்களைத் தவிர்த்துக்கொள்ளும் திறமை 2003 முதல் புளூடூத்துக்கு உண்டு, ஆனால் அதற்கும் குறைந்தது 20 தடங்களாவது வேண்டும். இரண்டு கருவிகளுக்கிடையில் தாவிக்கொண்டிருக்கும் இயர்பட்ஸுக்குத் தவறிய ஒலித் தரவுப் பொதியைத் திரும்ப வாங்க நேரமும் குறைவு. ஒற்றை இணைப்பில் தாங்கிக்கொள்ளும் நெரிசலை இரட்டை இணைப்பில் தாங்காது. மடிக்கணினியில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிப்பில், ஒரே அன்டனாவைப் பகிர்ந்துகொண்டு இருப்பதால் கூட்டம் 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும்போது இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தால் மடிக்கணினியை அதற்கு மாற்றுங்கள். நான் கண்ட அறுந்த ஒலிகளில் அதிகமானவை இந்த ஒரு மாற்றத்தோடு சரியாகியிருக்கின்றன. மடிக்கணினியின் பக்கத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 கருவிகளும் கம்பிகளும் இதே 2.4 கிகாஹேர்ட்ஸ் பரப்பில் இரைச்சலைக் கசியவிடும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் வெளியிட்ட அறிக்கையில் காட்டியிருக்கிறது. தொலைபேசியைப் பின்பையில் வைக்காமல் மேசையில் வையுங்கள்; மனித உடலில் உள்ள நீர் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும்.

பெட்டியில் '5.3' என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் இரண்டு கருவி வசதி இருக்கத்தானே வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்த எண் புளூடூத்தின் பதிப்பை மட்டுமே குறிக்கிறது. மல்டிபொயின்ட் எந்தப் பதிப்பிலும் கட்டாயமல்ல. அதைவிட ஏமாற்றும் சொல் 'டூவல் கனெக்‌ஷன்'. மலிவுப் பெட்டிகளில் பல நேரம் அது வலது காதும் இடது காதும் தனித்தனியே தொலைபேசியோடு இணையும் என்பதைச் சொல்கிறது. இரண்டு கருவிகளைப் பற்றிச் சொல்லவே இல்லை. விற்பவரும் சொல்லை அப்படியே நம்பி உங்களுக்குச் சொல்லியிருக்கலாம், அவரைக் குறை சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். பெட்டியில் தேட வேண்டிய சொல் 'மல்டிபொயின்ட்', அல்லது இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் என்று தெளிவாக எழுதிய வசனம். ஆப்பிளின் ஏர்பொட்ஸ் பற்றி ஒரு சொல்: ஒரே ஆப்பிள் கணக்கில் உள்ள கருவிகளுக்கிடையே அது தானாக மாறுவது 2020இல் ஐஓஎஸ் 14 உடன் வந்த வேறொரு முறை, விண்டோஸ் மடிக்கணினியும் ஐபோனும் வைத்திருப்பவருக்கு அது உதவாது, ஒவ்வொரு தடவையும் கையால்தான் மாற்ற வேண்டும். சம்சுங்கின் தானியங்கி மாற்றமும் அதே மாதிரி அவர்களுடைய கணக்குக்குள் உள்ள கருவிகளோடுதான் ஓடும்.

ஆகவே புதிதாக ஒன்று வாங்கும் முன் இன்றிரவே இதைச் செய்து பாருங்கள், கால் மணி நேரம் போதும். டெப்பின் புளூடூத்தை அணையுங்கள். மேலே சொன்ன மூன்று படிகளில் தொலைபேசி, மடிக்கணினி, திரும்பத் தொலைபேசி என்று இணையுங்கள். மூன்றாம் படியில் தொலைபேசி இணைந்த கணத்தில் மடிக்கணினி அறுந்துபோனால், செயலியிலும் அதற்கான ஆளி இல்லாவிட்டால், உங்கள் இயர்பட்ஸில் மல்டிபொயின்ட் இல்லை. அப்படியென்றால் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போய், இரண்டு கருவிகளையும் அவர்கள் முன்னே வைத்துக் காட்டி மாற்றிக் கேளுங்கள். மாற்றித் தருவதையும் காசு கொடுக்கும் முன் அங்கேயே இப்படிச் சோதியுங்கள். இரண்டும் தொடர்பில் நின்றால், மடிக்கணினியில் ஏதாவது ஒரு காணொளியை ஓடவிட்டு அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பி, ஒரு தடவை சாதாரண அழைப்பில் எடுக்கச் சொல்லுங்கள். காணொளி நின்று மணி கேட்டால் பொருள் நல்ல பொருள். பிறகு கூட்டச் செயலியில் மைக்கை மாற்றிவிட்டு அதே சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். இந்த இரண்டாவது சோதனையில் மணி கேட்கவில்லை என்றால், இயர்பட்ஸின் பெயரையும் ரக எண்ணையும், தொலைபேசி எது, விண்டோஸ் எத்தனையாம் பதிப்பு என்பதையும் இங்கே எழுதுங்கள்; அங்கிருந்து தொடரலாம்.